அளவு நாடா பார்க்காத தலை: கொள்முதல் குழுவுக்கு ஒரு தையல்காரியின் திறந்த மடல்

மருத்துவமனை உபகரணக் கொள்முதல் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

தலை வடிவம் பிறழ்ந்த குழந்தைகளுக்காக ஒரு கேமரா வாங்கச் சொல்லி நாங்கள் கொடுத்த மனுவுக்கு நீங்கள் அனுப்பிய பதில் சென்ற வாரம் கைக்கு வந்தது. மூன்றே வரி. குழந்தைகளின் தலையை முப்பரிமாணத்தில் படமெடுக்கும் கேமரா ‘அத்தியாவசியக் கருவி அல்ல’. சி.டி. ஸ்கேன் வசதி ஏற்கெனவே இருக்கிறது. பயனடையக்கூடிய நோயாளிகள் குறைவு.

மனுவில் கையெழுத்திட்ட தாய்மார்களில் நானும் ஒருத்தி. உங்கள் மருத்துவமனையின் பெயரை இங்கே எழுதவில்லை. என் மகனின் மண்டையோட்டைத் திறந்து சரிசெய்து என் கையில் திரும்பக் கொடுத்தது உங்கள் அறுவை சிகிச்சைப் பிரிவுதான். அந்த நன்றி என் ஆயுள் வரைக்கும் இருக்கும். அந்த நன்றியை வைத்துக்கொண்டே சொல்கிறேன், இந்த மூன்று வரிகளில் ஒன்றைக்கூட என்னால் ஏற்க முடியவில்லை.

நான் தையல் தொழில் செய்கிறேன். பதினெட்டு ஆண்டுகளாக அளவு நாடா என் கழுத்தில் கிடக்கிறது. அந்த நாடாவால் என்ன சொல்ல முடியும், என்ன சொல்ல முடியாது என்பது எனக்குத் தெரியும். 36 அங்குல மார்புச் சுற்றளவு உள்ள இரண்டு பெண்கள் வந்தால் இருவருக்கும் ஒரே ரவிக்கை பொருந்தாது. ஒருவருக்கு முதுகு அகலமாக இருக்கும், இன்னொருவருக்குத் தோள் சரிந்திருக்கும். அதனால்தான் தோள், கைக்குழி, முன் உயரம், பின் உயரம் என்று தனித்தனியாக எடுக்கிறோம். அப்படியும் மனம் நிறையாமல், ‘அளவு ரவிக்கை கொண்டுவந்தீர்களா’ என்று கேட்கிறோம். நாடா காட்டாத வடிவத்தை அந்தப் பழைய ரவிக்கை காட்டிவிடும்.

இதெல்லாம் தெரிந்த நானே என் பிள்ளையின் தலை விஷயத்தில் பதினோரு மாதம் நாடாவை நம்பி உட்கார்ந்திருந்தேன்.

பிறந்தபோது அவன் தலைச் சுற்றளவு 35 சென்டிமீட்டர். ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினான்காவது வாரம் என்று தடுப்பூசிக்குப் போன ஒவ்வொரு முறையும் தலையைச் சுற்றி நாடா வைத்து அளந்தார்கள். பதினான்காவது வாரத்தில் 41.5. செவிலியர் அட்டையில் புள்ளி வைத்து என்னிடம் காட்டினார். நடுக்கோட்டுக்குச் சற்று மேலே இருந்தது. ‘நல்ல வளர்ச்சி’ என்றார். ஒன்பதாவது மாதத்தில் 46.2. அப்போதும் கோட்டுக்குள்தான். அந்தச் செவிலியர் பொய் சொல்லவில்லை, வேலையில் அலட்சியமும் காட்டவில்லை. சுற்றளவை எடுக்கச் சொல்லியிருந்தார்கள், எடுத்தார். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் பிறவிக் குறைபாட்டுப் பட்டியலில் பிளவு உதடு இருக்கிறது, வளைபாதம் இருக்கிறது, பிறவிக் கண்புரையும் இருக்கிறது. என் மகனுக்கு வந்த குறைபாட்டின் பெயர் அதில் இல்லை. எதைத் தேட வேண்டும் என்று யாரும் சொல்லித் தராதவரை நான் எப்படிக் குறை சொல்வேன்?

முதலில் கண்டுபிடித்தவர் என் மாமியார். காலை நீட்டிப் பிள்ளையைப் படுக்கவைத்துக் குளிப்பாட்டும்போது, ‘இவன் தலை நீளவாக்கிலேயே போகிறது, உச்சிக்குழி கைக்கே தட்டுப்படவில்லை’ என்றார். அப்போது அவனுக்கு மூன்று மாதம். அக்கம்பக்கத்தில், எண்ணெய் தேய்த்துத் தலையை உருட்டிவிட்டால் சரியாகிவிடும் என்றார்கள். உருட்டினோம். இரண்டு இடங்களில் மருத்துவரிடமும் காட்டினோம். அவர்களும் நாடாவைத்தான் எடுத்தார்கள். சுற்றளவு சரியாக இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். எலும்பு மூடிக்கொண்ட பிறகு எந்தக் கையும் அதை உருட்ட முடியாது என்பதை எங்களுக்குச் சொல்ல ஆளில்லை.

பதினோராவது மாதம் குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டோம். என் தம்பியின் மடியில் உட்கார்ந்து வீறிட்டு அழுதுகொண்டிருந்தான். பாதித் தலை மழித்த பிறகு, முடி எடுப்பவர் கத்தியை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். ‘அம்மா, நடுத்தலையில் முன்னாலிருந்து பின்னால் வரை ஒரு வரப்பு ஓடுகிறது. கத்தி ஏறி இறங்குகிறது. எத்தனையோ பிள்ளைகளுக்கு எடுத்திருக்கிறேன், இப்படிப் பார்த்ததில்லை. டாக்டரிடம் காட்டுங்கள்’ என்றார். பொங்கல் வைக்க அடுப்பு மூட்டியிருந்தோம். அதை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினோம்.

உங்கள் மருத்துவமனையில்தான் நோயின் பெயரைக் கேட்டேன்: கிரானியோசினோஸ்டோசிஸ். மண்டையோட்டு எலும்புகள் சேரும் இடத்துக்கு மருத்துவத்தில் சூச்சர் என்று பெயர், தையல் என்றே பொருள் என்று அந்த இளம் மருத்துவர் விளக்கினார். எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. வளரும் பிள்ளைக்குச் சட்டை தைக்கும்போது தையலுக்கு உள்ளே துணி விட்டுத்தான் தைப்போம். பிள்ளை வளர வளரப் பிரித்து விடலாம். மூளை வேகமாக வளரும் முதல் ஆண்டுகளில் மண்டையோட்டின் தையல்களும் அப்படித்தான் விரிந்து கொடுக்க வேண்டும். ஒரு தையல் நேரத்துக்கு முன்பே இறுகிவிட்டால் அதற்குக் குறுக்கே தலை அகலமாகாது. வளர்ச்சி முழுவதும் மற்றப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போகும். ருடோல்ஃப் விர்ஷோ என்ற ஜெர்மானிய மருத்துவர் 1851-லேயே இதை எழுதிவிட்டார். என் மகனுக்கு உச்சியில் நெடுக்காக ஓடும் தையல் மூடியிருந்தது. அதனால் தலை பக்கவாட்டில் விரியாமல் முன்னும் பின்னும் படகு போல நீண்டுவிட்டது.

அன்று எடுத்த சி.டி. ஸ்கேனில் தலையின் நீளம் 17.5 சென்டிமீட்டர், அகலம் 11.5 என்று இருந்தது. அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் 66. சராசரிப் பிள்ளைக்கு அது ஏறத்தாழ 75-க்கும் 85-க்கும் இடையில் இருக்கும் என்றார்கள். அன்றிரவு விடுதி அறையில் ஒரு நூலை 46 சென்டிமீட்டருக்கு வெட்டினேன். தரையில் வட்டமாகப் போட்டால் குறுக்கேயும் நெடுக்கேயும் பதினாலரைக்குச் சற்று மேல். அதே நூலை 17.5 நீளத்துக்கு இழுத்துப் போட்டேன். அகலம் 11.5 ஆனது. நூலில் ஒரு நூலிழைகூடக் கூடவில்லை, குறையவில்லை. ஒன்பது மாதம் எல்லோரும் அளந்தது அந்த நூலின் நீளத்தைத்தான். அது எப்படிக் கிடக்கிறது என்பதை யாரும் அளக்கவில்லை. இந்த வகைக் குறைபாட்டில் சுற்றளவு பெரும்பாலும் சரியாகவே இருக்கும், சில பிள்ளைகளுக்குச் சராசரியைவிடக் கூடுதலாகவும் இருக்கும் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

மூன்று, நான்கு மாதத்தில் வந்திருந்தால் சிறிய கீறல் போட்டு உள்நோக்குக் கருவி வழியாக மூடிய எலும்புப் பட்டையை எடுத்துவிட்டு, சில மாதம் தலைக்கவசம் அணிவித்துச் சரிசெய்திருக்கலாம். அந்தக் காலம் கடந்துவிட்டது. பதின்மூன்றாவது மாதத்தில் ஒரு காதிலிருந்து மறு காது வரை தோலைத் திறந்து, எலும்பைத் துண்டுகளாக எடுத்து மாற்றிப் பொருத்தினார்கள். இரத்தம் ஏற்றினார்கள். முகம் வீங்கிக் கண் இரண்டும் திறக்காமல் இரண்டு நாள் கிடந்தான். என் குரலைக் கேட்டுக் கையை மட்டும் நீட்டினான்.

‘சி.டி. ஸ்கேன் இருக்கிறதே’ என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கிறது. என் மகனுக்கு மூன்று முறை எடுத்திருக்கிறது. முதலாவதைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. எந்தத் தையல் மூடியிருக்கிறது, உள்ளே மூளை எப்படி இருக்கிறது என்று தெரியாமல் கத்தி வைக்க முடியாது. மற்ற இரண்டும் அறுவை சிகிச்சைக்குப் பிறகு, தலை வடிவம் எப்படி வந்திருக்கிறது என்று பார்ப்பதற்காக எடுக்கப்பட்டவை. விண்ணப்பச் சீட்டில் அப்படித்தான் எழுதியிருந்தது. வடிவத்தைப் பார்க்க, அதாவது வெளியே தெரிவதைப் பார்க்க, ஒரு குழந்தையின் தலைக்குள் கதிர்வீச்சைச் செலுத்தினோம். வேறு வழி அங்கே இல்லை.

இரண்டாவது முறை நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அதிகாலையிலிருந்து பால் கூடாது என்றார்கள். ஒன்றரை வயதுப் பிள்ளை பசியில் அழுகிறான். தூக்க மருந்து கொடுத்தார்கள், துப்பினான். மறுபடி கொடுத்தார்கள். தூங்கியவனைத் தூக்கிக்கொண்டு போய்க் குளிர்ந்த மேசையில் கிடத்தினால் கண் விழித்துக்கொண்டான். எங்கள் முறை போய்விட்டது. மறுநாள் மீண்டும் அதே பட்டினி, அதே மருந்து. நாற்பது கிலோமீட்டர் பஸ்ஸில் வருகிறோம். இரண்டு நாளும் கடையை மூடினேன். அதைப் பெரிதாகச் சொல்லவில்லை, கணக்குக்காகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் பதிலில் செலவுக் கணக்கு ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் இருக்கிறது.

கதிர்வீச்சைப் பற்றி நான் பீதியைக் கிளப்பவில்லை. பிரிட்டனில் இளவயதில் சி.டி. எடுத்துக்கொண்ட 1,75,000-க்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்து செய்த ஆய்வு 2012-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்தது. பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு எடுக்கும் 10,000 தலை ஸ்கேன்களுக்கு, அடுத்த பத்தாண்டுக்குள் கூடுதலாக ஓர் இரத்தப் புற்றுநோயும் ஒரு மூளைக் கட்டியும் ஏற்படலாம் என்று அது கணக்கிட்டது. சிறிய ஆபத்துதான். தேவைப்படும்போது அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். அதே ஆய்வு, கதிர்வீச்சு இல்லாத மாற்றுவழி பொருந்தும் இடத்தில் அதைக் கருத வேண்டும் என்றும் சொல்கிறது. என் மகனின் இரண்டாவது, மூன்றாவது ஸ்கேன்கள் அப்படிப்பட்ட இடங்கள். அந்த மாற்றுவழி உங்கள் வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனது.

ஆம், வந்தது. செயல்விளக்கத்துக்காக அந்தக் கேமரா ஒரு வாரம் உங்கள் வெளிநோயாளர் பிரிவில் வைக்கப்பட்டிருந்ததை உங்களில் எத்தனை பேர் நேரில் பார்த்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்தேன். என் மகன் அதன் நடுவே என் மடியில் உட்கார்ந்தான். முடி தூக்கிக்கொண்டு நிற்காமல் இருக்க மெல்லிய நைலான் குல்லாயைத் தலையில் இழுத்துவிட்டார்கள். சுற்றிலும் கம்பங்களில் கேமராக்கள். ஒரு செவிலியர் கிலுகிலுப்பையை ஆட்ட, இவன் நிமிர்ந்து பார்க்க, ஒரு வெளிச்சம். முடிந்துவிட்டது. எல்லாக் கேமராக்களும் ஒரே நேரத்தில், ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு நேரத்துக்குள் எடுத்துவிடுமாம். பிள்ளை தலையை ஆட்டினாலும் படம் கலையாது. பட்டினி இல்லை, மருந்து இல்லை, குளிர்ந்த மேசை இல்லை. ‘இன்னொரு தடவை’ என்று கேட்டான்.

திரையில் அவன் தலை வந்தது. நம் இரண்டு கண்களும் இரண்டு கோணத்தில் பார்ப்பதால் தூரம் தெரிவதுபோல, வெவ்வேறு கோணத்துப் படங்களைப் பொருத்தி, தலைப்பரப்பின் ஆயிரக்கணக்கான புள்ளிகளுக்குக் கணினி இடம் குறிக்கிறது. பிழை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு என்றார்கள். மேலிருந்து பார்த்தார் மருத்துவர், பின்னாலிருந்து பார்த்தார், நெற்றியின் வளைவைப் பார்த்தார், தலையின் கொள்ளளவைக்கூட எடுத்தார். சராசரித் தலையோடு வைத்துப் பார்த்தபோது புடைத்த இடம் சிவப்பாகவும் பதிந்த இடம் நீலமாகவும் தெரிந்தது. அகல-நீள விகிதம் 74 என்று வந்தது. 66-லிருந்து 74. என் பிள்ளையின் தலைக்கு முதல்முறையாக ஓர் அளவு ரவிக்கை கிடைத்தது என்று எனக்குத் தோன்றியது. எத்தனை முறை வேண்டுமானாலும் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, எங்கே மாறியிருக்கிறது என்று பார்க்கலாம்.

சில பிள்ளைகளுக்கு அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஆண்டுகள் போகப் போக வடிவம் பழைய பக்கமாகச் சற்றே திரும்பும். அதனால்தான் எங்களைத் தொடர்ந்து வரச் சொல்கிறீர்கள். அடுத்த முறை வரும்போது 74 அப்படியே இருக்கிறதா, 71 ஆகிவிட்டதா என்று எதைக்கொண்டு பார்ப்பீர்கள்? கேமரா போய்விட்டது. மறுபடி நாடாவா? மறுபடி சி.டி.யா?

அந்தக் கருவியால் முடியாததையும் நானே சொல்லிவிடுகிறேன், மனுவில் மிகைப்படுத்தியதாக நீங்கள் நினைக்கக் கூடாது. அது தோலுக்கு மேலே இருப்பதை மட்டும் பார்க்கும். எலும்புத் தையல் மூடியிருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. மூளையின் அழுத்தம் கூடியிருக்கிறதா என்று அறியக் கண்ணின் உட்புறத்தைச் சோதிக்கத்தான் வேண்டும். ஆனால் வடிவத்தைச் சரியாகப் பார்த்தாலே சந்தேகத்தில் பாதி தீர்ந்துவிடும் என்பதை உங்கள் வராந்தாவிலேயே கண்டேன். அந்த வாரம் என் பக்கத்தில் ஐந்து மாதப் பெண் குழந்தையோடு ஒரு தாய் இருந்தார். பின்தலை ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. அறுவை சிகிச்சை என்று யாரோ சொல்லிவிட்டதால் இரவெல்லாம் அழுதிருக்கிறார். கேமராப் படத்தை மேலிருந்து பார்த்த மருத்துவர், தட்டையான பக்கத்துக் காது முன்னால் தள்ளியிருக்கிறது, அதே பக்கத்து நெற்றியும் முன்னால் வந்திருக்கிறது, இது ஒரே பக்கம் படுத்து வந்த தட்டை, தையல் மூடியதில்லை என்று திரையில் காட்டினார். கையால் தொட்டுப் பார்த்தும் உறுதி செய்தார். தலையைத் திருப்பிப் படுக்கவைக்கவும், விழித்திருக்கும்போது பார்வையிலேயே குப்புறப் போடவும் சொல்லி அனுப்பினார். ஸ்கேன் தேவைப்படவில்லை. அந்தத் தாய் திரையைத் தன் கைபேசியில் படமெடுத்துக்கொண்டு போனார், வீட்டில் காட்ட.

நோயாளிகள் குறைவு என்ற வரிக்கு வருகிறேன். ஏறத்தாழ 2,000 முதல் 2,500 பிறப்புகளுக்கு ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஒரு மண்டையோட்டுத் தையல் இப்படி முன்பே மூடிக்கொள்கிறது என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ எட்டு லட்சம் பிள்ளைகள் பிறக்கிறார்கள். வகுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு முந்நூறுக்கும் மேல். உங்களிடம் அத்தனை பேர் வரவில்லை என்றால், நாடா வைத்து ‘சரியாக இருக்கிறது’ என்று திருப்பி அனுப்பப்பட்ட வீடுகளில் அவர்கள் இருக்கிறார்கள். முடி வளர்ந்து மறைத்துவிடுகிறது. நானும் அந்த மொட்டை நடக்காமல் இருந்திருந்தால் உங்கள் கணக்கில் வந்திருக்க மாட்டேன்.

ஆகவே கேட்கிறேன். கேமரா வேண்டாம் என்ற முடிவை அடுத்த கூட்டத்தில் மறுபரிசீலனைக்கு எடுங்கள். அந்தக் கூட்டத்தில் தலை அறுவை சிகிச்சைப் பிரிவின் மருத்துவர் ஒருவரும், மனு கொடுத்த பெற்றோரில் ஒருவரும் பேச இடம் கொடுங்கள். கருவியின் விலையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். வடிவம் பார்ப்பதற்காக மட்டும் ஓராண்டில் எத்தனை சி.டி. எடுத்தீர்கள், எத்தனை பிள்ளைகளுக்குத் தூக்க மருந்து கொடுத்தீர்கள் என்ற கணக்கையும் அதன் பக்கத்தில் வையுங்கள். உங்கள் பதிவேட்டில் அது இருக்கிறது.

கருவி வரும்வரை, அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய பரிசோதனையில் வடிவத்தை மட்டும் பார்க்க சி.டி. எழுதுவதை நிறுத்துங்கள். மருத்துவக் காரணம் இருந்தால் அந்தக் காரணத்தைச் சீட்டில் எழுதி எங்களுக்கும் சொல்லுங்கள். காலிப்பர் என்ற இடுக்கி போன்ற அளவுகோலை வைத்து நீளத்தையும் அகலத்தையும் எடுத்து விகிதத்தைப் பிள்ளையின் அட்டையில் குறியுங்கள். அதற்கு ஒரு நிமிடம் போதும். மேலிருந்து, முன்னாலிருந்து, இரு பக்கமிருந்து என்று ஒரே முறையில் புகைப்படம் எடுத்து வையுங்கள். ஆழம் அறியும் கேமரா உள்ள கைபேசிகளால் தலை அளவெடுக்கும் முறைகள் வந்திருக்கின்றன. அவற்றில் நம்பத்தக்கது எது என்று உங்கள் மருத்துவர்களே சோதித்துச் சொல்லட்டும். சந்தேகத்தோடு வரும் சில மாதக் குழந்தைகளுக்கு முதலில் அல்ட்ராசவுண்டில் தையலைப் பார்க்கும் பழக்கத்தைக் கொண்டுவாருங்கள்.

உங்கள் மருத்துவமனைக்குப் பிள்ளைகளை அனுப்பும் ஆரம்ப சுகாதார நிலையங்களின் செவிலியர்களுக்கு அரை நாள் பயிற்சி கொடுங்கள். நாடாவைச் சுருட்டி வைத்த பிறகு, தலையை மேலிருந்து ஒருமுறை பார்க்கவும், நடுத்தலையில் விரலை ஓட்டவும் சொல்லிக் கொடுத்தால் போதும். முடி எடுப்பவருக்கு ஒரு நொடியில் தெரிந்தது அவர்களுக்கும் தெரியும். பயிற்சிக்கு என் மகனின் படங்கள் வேண்டுமென்றால், முகத்தை மறைத்துப் பயன்படுத்திக்கொள்ள எழுத்தில் சம்மதம் தருகிறேன்.

செயல்விளக்க வாரத்தில் எடுத்த பதிவுகள் கேமரா விற்பனையாளரின் கணினியோடு போய்விட்டனவா, உங்களிடம் இருக்கின்றனவா என்று தெரிவியுங்கள். இருந்தால் ஒவ்வொரு பெற்றோருக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.

வரும் தை மாதம் என் மகனுக்கு அடுத்த பரிசோதனை. அன்று அவன் தலையை எப்படி அளக்கப் போகிறீர்கள் என்று அதற்கு முன்பே எனக்கு எழுத்தில் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
மனுவில் கையெழுத்திட்ட ஒரு தாய்